கொல்லைப்புறத்துக் காடு

மார்கழி பிறந்துவிட்டால், ஞாயிறு விடியலில் சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போகும் கார்கள் சிலவற்றின் பின்னிருக்கையில் நீண்ட லென்சு பொருத்திய கேமராக்கள் கிடக்கும். பூநாரைகளைத் தேடிச் செல்பவர்கள் அவர்கள். சிலர் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மற்றவர்கள் கும்மிடிப்பூண்டியைக் கடந்து, மாநில எல்லையையும் தாண்டிச் சூளூர்ப்பேட்டைக்குப் போவார்கள். இடையில் வரும் சிப்காட் தொழிற்பேட்டையில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. இரும்பாலைப் புகைக்கும் லாரி வரிசைக்கும் நடுவே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் அந்த ஆலைகளுக்குப் பின்னால் வீடுகள் இருக்கின்றன. வீடுகளுக்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, துவைகல், தண்ணீர் தேங்கும் மூலை. அங்கே தையல்சிட்டு இலையைச் சேர்த்துத் தைக்கிறது, செம்போத்து ஓணானுக்காக வேலியோரம் பதுங்குகிறது, தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சருகைக் கிளறுகின்றன. திருவள்ளூர் மாவட்டம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான கொல்லைகள். இவற்றைப் படம் பிடிப்பது பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கிறோம். அதற்கு ஒரு வரலாறு உண்டு, அந்த வரலாற்றின் பெரும்பகுதி இதே சோழமண்டலக் கரையில் நிகழ்ந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சேறிய முதல் பட்டியல்களுள் ஒன்று சென்னையிலிருந்து போனது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி, கோட்டையைச் சுற்றிக் கண்ட 22 பறவைகளின் சித்திரங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஜான் ரே எழுதிய பறவை நூல் 1713-இல் வெளிவந்தபோது அவை அதன் பிற்சேர்க்கையாக இடம்பெற்றன. கோட்டையைச் சுற்றி என்றால் காடு அல்ல. தோட்டமும் வயலும் குடியிருப்பும்தான். இந்தியப் பறவையியலின் தொடக்கப் பக்கங்களில் இருப்பது கொல்லைப்புறப் பறவைகள் என்று சொன்னால் அது மிகையாகாது.

அதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து எலிசபெத் க்வில்லிம் வந்தார். புதிதாக நிறுவப்பட்ட சென்னை சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதி சர் ஹென்றி க்வில்லிமின் மனைவி. 1801-இல் இங்கு வந்து 1807 டிசம்பரில் இங்கேயே இறந்தவர். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வரைந்த பறவை ஓவியங்கள் ஏறத்தாழ 120 இன்று கனடாவில் மொண்ட்ரியால் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நூறாண்டுக்கும் மேலாக மறந்துபோய்க் கிடந்து, 1924-இல் லண்டனில் விலைக்கு வாங்கப்பட்டவை. பறவையின் உண்மையான அளவிலேயே பலவற்றை வரைந்திருக்கிறார். இறகின் அடுக்கு ஒவ்வொன்றிலும் கவனம் தெரிகிறது. உலகம் கொண்டாடும் அமெரிக்க ஓவியர் ஆடுபானின் பெருநூல் வெளிவரத் தொடங்கியதற்கு 20 ஆண்டுகள் முந்தைய வேலை இது. ஆனால் அவர் வரைந்தது கிளையில் அமர்ந்த பறவையை அல்ல. பறவை பிடிப்பவர்கள் உயிரோடு கொண்டுவந்ததைப் பார்த்து வரைந்தார். அந்தப் பறவை பிடிப்பவர்களின் பெயர்கள் எந்த ஓவியத்தின் கீழும் இல்லை.

அடுத்த தலைமுறை, துப்பாக்கியின் தலைமுறை. மருத்துவராகப் பணியாற்றிய டி. சி. ஜெர்டன், பழவேற்காட்டுக்கு வடக்கே நெல்லூரில் இருந்த காலத்தில் பறவைகளையும் எறும்புகளையும் சேகரித்தார். அவருடைய இந்தியப் பறவைகள் நூல் 1862-க்கும் 1864-க்கும் இடையே வெளியாயிற்று. அன்று ஒரு பறவையை அறிந்துகொள்வது என்றால் அதைச் சுட்டு, தோலை உரித்துப் பஞ்சடைத்து, அலமாரியில் வைப்பது. இன்றைய மனநிலையில் இருந்துகொண்டு அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கையில் இல்லாத பறவையின் சிறகுப் பட்டையை எண்ண முடியாது.

அந்த வழியைத் திறந்தது கேமரா. ஆனால் உடனே அல்ல. கண்ணாடித் தகடுகளின் காலத்தில் ஒளியைப் பதிக்க நேரம் பிடித்தது. நெடுந்தொலைவு லென்சுகள் கிடையாது. பறவையோ ஒரு கணம் நிற்காது. ஆகவே, பறவை திரும்பத் திரும்ப வந்தே தீரவேண்டிய ஓர் இடத்தைத் தேடினார்கள்: கூடு. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் கூடு ஒன்றைப் படமெடுத்தார்கள். 1895-இல் முழுக்க நிழற்படங்களால் ஆன கூடுகள் பற்றிய நூலை வெளியிட்டார்கள். பதம் செய்த மாட்டுத் தோலுக்குள் ஒளிந்துகொண்டு பறவைகளை நெருங்கியவர்கள் அவர்கள். இந்தியாவில் பேட்ஸ் 1931-இலும் லோதர் 1949-இலும் வெளியிட்ட நூல்களிலும் கூட்டின் முன்னால் மறைப்புக் கட்டி எடுத்த படங்களே முதன்மை. கூட்டை விட்டால் அன்றைய கேமராவுக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. மனிதனோடு பழகி, அவனை ஒரு பொருட்டாகவே கருதாத பறவை. அதாவது, வீட்டுத் தோட்டத்துப் பறவை.

இங்கேதான் மா. கிருஷ்ணன் வருகிறார்.

1912-இல் பிறந்த அவர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் எட்டுக் குழந்தைகளில் கடைசி. வளர்ந்தது மயிலாப்பூரில், இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் சாலையில். அன்றைய மயிலாப்பூரின் தென்கோடியில் நரிகள் திரிந்தன என்றால் இன்று நம்பக் கடினம். சிறுவயதில் கீரி வளர்த்தவர். மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஃபைசனிடம் தாவரவியல் படித்தார். 1942-இல் சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆசிரியராக, நீதிபதியாக, மன்னரின் செயலராகப் பல வேடங்கள் போட்டுவிட்டு, சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னை திரும்பினார். அதன்பின் எவரிடமும் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. எழுத்தும் கேமராவும்தான் பிழைப்பு. கொல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-இல் தொடங்கிய பத்தியை, 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை, 46 ஆண்டுகள் இடைவிடாமல் எழுதினார். இந்தியப் பத்திரிகை உலகில் இதற்கு இணையான தொடர்ச்சி மிக அரிது.

யானைப் படங்களுக்காகவே அவரை நினைவுகூர்கிறோம். அவை பெரிய படங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1961-இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அவருடைய நூலின் தலைப்பைப் பாருங்கள்: ‘ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்’. காட்டையும் கொல்லையையும் ஒரே தட்டில் வைக்கும் தலைப்பு. அணிலும் காக்கையும் பல்லியும் அவர் பத்தியில் புலிக்குரிய மரியாதையோடு வந்தன. என் வாசிப்பில், யானையைப் பற்றி எழுதும் கிருஷ்ணனைவிடக் காக்கையைப் பற்றி எழுதும் கிருஷ்ணன் கூர்மையானவர். யானையை எவரும் வியக்கலாம். தினமும் பார்த்துச் சலித்துப்போன ஒன்றில் புதிதாக ஒரு செயலைக் காண்பதற்குக் கண் பழகியிருக்கவேண்டும்.

அவர் கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் படமெடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்டு உருவாக்கிய கனமான கருவி ஒன்றைச் சுமந்து திரிந்தார். இதைப் பிடிவாதம் என்று சொல்வார்கள், அவர் பிடிவாதக்காரர்தான். ஆனால் இந்தத் தேர்வில் தோட்டத்துப் பறவைக்கு ஒரு நியாயம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வண்ணத்தில் எடுத்தால் மீன்கொத்தியும் மாங்குயிலும் முன்னே வந்து நின்றுகொள்ளும். பழுப்பு நிறத் தவிட்டுக்குருவியை யார் பார்ப்பார்கள்? நிறத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நிலையும் அசைவும் ஒளியும். அந்தக் களத்தில் தவிட்டுக்குருவி எவருக்கும் சளைத்ததல்ல.

இன்னொன்று: அயல்நாட்டு அலங்கார மரங்களை நகரெங்கும் நடுவதை அவர் ஓயாமல் கண்டித்தார். கொல்லையில் நாட்டு மரங்கள் இருந்தால்தான் அவற்றை அண்டி வாழும் பூச்சியும் பறவையும் வரும். தாவரவியல் படித்தவரின் பார்வை அது. படம் எடுப்பது பிறகு. தோட்டம் தோட்டமாக இருக்கவேண்டும் என்பது முதலில். தமிழிலும் அவர் எழுதினார். அந்தக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூல் நம் வாசகர்கள் பலரிடம் இருக்கும். இல்லாதவர்கள் தேடிப் படிக்கலாம். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவலும் உண்டு. அதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

இன்று கைப்பேசியே போதும். தகடு, கழுவும் அறை, இரவல் லென்சு எதுவும் தேவையில்லை. வசதி கூடியதால் கவனமும் கூடியிருக்கிறதா என்றால், இரு விதமாகவும் நடக்கிறது. கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்துப் படமெடுக்கிறார்கள். எதிரி தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டான் என்று எண்ணிப் பதறும் பறவையின் படம் அது. இலைகளை ஒடித்துக் கூட்டைத் திறந்துகாட்டி எடுக்கிறார்கள். மறுநாள் காக்கைக்கு அந்தக் கூடு தெரிந்துவிடும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் கூட்டைக் குலைப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

மறுபுறம் கணக்கெடுப்புகள். அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் பங்கேற்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் தனியாக ஒன்று நடக்கிறது. பதினைந்து நிமிடம் தோட்டத்தில் நின்று, கண்டதை எண்ணி, ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிந்தால் போதும். ஐயம் தரும் பறவைக்கு ஒரு படம் சான்றாகிறது. ஜெர்டன் துப்பாக்கியால் பெற்ற சான்றுதான், ஆனால் இந்தப் பறவை அதன்பின் பறந்துபோகிறது. இப்படி எளியவர்கள் சேர்த்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டுதான் 2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை எழுதப்பட்டது. சிட்டுக்குருவி அழிந்துவருகிறது, கைப்பேசிக் கோபுரமே காரணம் என்று நாம் ஆண்டுக்கொரு முறை புலம்புவதுண்டு. நாடு முழுவதுமாகப் பார்த்தால் அதன் எண்ணிக்கை நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்துவருகிறது என்று அந்த அறிக்கை காட்டியது.

அப்படியானால் பெருநகரமும் அல்லாத, கிராமமும் அல்லாத கும்மிடிப்பூண்டியில்? தொழிற்பேட்டை வருவதற்கு முன் அந்த நிலத்தில் எந்தப் பறவைகள் கூடுகட்டின என்பதற்கு ஒரு நிழற்படத் தொடர் இருந்திருந்தால், எதை இழந்தோம், எது ஆலைப் புகையையும் பொறுத்துக்கொண்டு தங்கிவிட்டது என்று இன்று பேசலாம். அரியதைத் தேடிப் போனவர்களின் படங்களில் பூநாரைகள்தான் இருக்கின்றன.

ஆகவே அந்தத் தொழிலாளர் குடியிருப்புகளில் கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் தேன்சிட்டை எடுக்கட்டும். ஆனால் காக்கையை விட்டுவிட வேண்டாம். அண்மைக்காலம் வரை அது எலியோடும் பழந்தின்னி வவ்வாலோடும் சேர்த்துத் ‘தீங்குயிர்’ என்று சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் இருந்தது. 2022-இன் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. தேதியும் ஊர்ப்பெயரும் சேர்த்து வைத்த ஒரு காக்கைப் படம், துவைகல்லில் அமர்ந்தபடி இருந்தாலும் சரிதான்.