பிழை திரும்பிவரும் தூரம்: சிறு உலோகத் தொழிலில் கல்வியும் இடமும்

சிறு உலோகப் பட்டறைகளில் வேலைத்தரம் ஏன் ஏறி இறங்குகிறது என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. படிப்பில்லை என்பது ஒன்று. ஒதுக்குப்புறத்தில் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. அரசுத் திட்டங்கள் முதலாவதை நம்பிச் சான்றிதழ் தருகின்றன, இரண்டாவதை நம்பித் தொழிற்பேட்டை கட்டுகின்றன. இரண்டையும் தனித்தனியே எடைபோடுவதில்தான் கோளாறு இருக்கிறது. செய்த பொருளின் பிழை செய்தவன் கைக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதை இடம் தீர்மானிக்கிறது. அந்தப் பிழைக்குக் காரணம் சொல்லித் தருவது கல்வி. ஒன்றில்லாமல் மற்றொன்று கைக்கு ஏறுவதில்லை.

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மாற்றுப்பாதையில் இருக்கும் கொட்டச்சேட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் காபித் தோட்டம், மிளகுக் கொடி, நிழலுக்குச் சில்வர் ஓக். இங்கே ஒரே ஆளுக்கு இரண்டு விதக் கத்தி வேண்டியிருக்கிறது. காபிச் செடியைக் கவாத்து செய்யும் கத்தி நார் கிழியாமல் வெட்ட வேண்டும். நிழல்மரத்தின் கிளை கழிக்கும் கொடுவாள் கணுவில் மோதினாலும் தாங்க வேண்டும். இரண்டையும் லாரியின் பழைய பட்டைத் தகட்டிலிருந்தே அடித்துவிடலாம். வித்தியாசம் தோய்ச்சலில் இருக்கிறது. இரும்பைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கண்ணாடிபோல விறைத்துவிடும். அப்படியே விட்டால் வாய் பல் விட்டுப்போகும். மறுபடி மிதமாகச் சூடேற்றும்போது, தேய்த்துப் பளிச்சென்று வைத்த பரப்பில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு பழுப்பு, அப்புறம் ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கூர் நிற்கும், அடி தாங்காது. நீலம்வரை விட்டால் அடி தாங்கும், கூர் சீக்கிரம் மழுங்கும். எந்தக் கத்திக்கு எங்கே நிறுத்துவது என்பதைப் பாடப்புத்தகம் பொதுவாகத்தான் சொல்ல முடியும். சில்வர் ஓக்குக்கு எது சரி என்பதை, பல் விட்ட கொடுவாளோடு திரும்பி வரும் தோட்டத் தொழிலாளிதான் சொல்ல முடியும். சந்தையில் வாங்கிய அரிவாளின் வாய் மடங்கினால் அந்தச் சேதி அடித்தவனை எட்டுவதே இல்லை. வாங்கியவர் அடுத்த முறை வேறு கடைக்குப் போவார், அவ்வளவுதான்.

இடத்தை மதிக்காத அறிவு என்ன ஆகும் என்பதற்குச் சேலத்துக்காரர்கள் வேறெங்கும் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். ஆலை கடற்கரையில் இருந்தது, தாது சேலத்து மலைகளில் கிடந்தது, உலையோ மரக்கரியை விழுங்கியது. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் அவர். அறிவில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஆலை நிலைக்கவில்லை. அவருடைய முறையோ ஷெஃபீல்டில் எஃகுத் தொழிலுக்கு ஆதாயம் தந்தது.

பிழை பக்கத்திலிருந்தே திரும்பி வர வேண்டும் என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு சுவாமிமலையிலிருந்து வரும். அங்கு வார்க்கும் படிமங்களை வாங்குபவர் பல நேரம் கடல் கடந்து இருக்கிறார். வாடிக்கையாளர் தூரத்தில் இருந்தும் தரம் குலையவில்லையே என்று கேட்கலாம். குலையாததற்குக் காரணம், அங்கே தீர்ப்புச் சொல்பவர் வாங்குபவர் அல்ல. மெழுகுருவைப் பொதியக் காவிரி வண்டல் அந்த மண்ணிலேயே கிடைக்கிறது. ஸ்தபதிகளும் பக்கத்துப் பக்கத்துப் பட்டறைகளில் இருக்கிறார்கள். படிமத்தின் அளவுக் கணக்கான தாலமானம் பிசகினால் அடுத்த பட்டறைக்காரர் கண் கண்டுபிடித்துவிடும். 1957-ல் மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பக்கலைப் பயிற்சி, சாத்திரத்தை வகுப்பறைக்குக் கொண்டுபோனதே தவிர, அந்தக் கண்ணுக்கு மாற்றாக வரவில்லை. இன்னொரு பக்கம் சேலத்து வெள்ளிக் கொலுசைப் பாருங்கள். தொழில் ஒரே வட்டாரத்தில் நெருங்கிக் கிடக்கிறது. ஆனால் கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகேற்றுவது இன்னொரு வீடு. பற்று விட்ட கொலுசு நகைக்கடைக்குத்தான் திரும்புகிறது. பற்றவைத்தவருக்குத் தன் பிழை தெரிய வழியில்லை. நெருக்கம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு அரசியல் சார்ந்தது, தமிழ்நாட்டில் அதைத் தாண்டிப் போக முடியாது. இடத்தோடு ஒட்டிய தொழிற்கல்வி என்றாலே 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த, 1954-ல் காமராஜர் கைவிட்ட குலக்கல்வி நினைவுக்கு வரும். அச்சம் நியாயமானது. ஆனால் அந்தத் திட்டம் தொழிலைப் பிறப்போடு கட்டியது. இங்கே சொல்வது தொழிலை அதன் பயனாளியோடு கட்டுவது. மலையாளிப் பழங்குடி இளைஞரோ, தோட்டக் கூலி வீட்டுப் பெண்ணோ பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, விரும்பினால் உலைக்கு வரலாம். குடும்பத்தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விட்டு, 35 வயதைக் கீழ்வரம்பாக வைத்த தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் அந்த வகையில் சரியான அடியெடுப்பு. ஆனால் பயிற்சியின் காலமும் முக்கியம்: மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் தரும் 5 முதல் 7 நாள் அடிப்படைப் பயிற்சியில் தோய்ச்சலின் நிறம் ஒருவருக்கும் கண்ணில் படியாது. அதற்குப் பதிலாக, அறுவடை முடிந்து கவாத்து தொடங்கும் மாதங்களில் பயிற்சியைக் கொட்டச்சேடு போன்ற ஊரிலேயே நடத்துங்கள். அடித்த கத்தியைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். அது உடைந்து திரும்பிய பிறகு இரண்டாம் வகுப்பை வையுங்கள். சான்றிதழை அதற்கப்புறம் கொடுத்தால் போதும்.