ஓடைக்கரையில் இருப்பது உடும்பா, முதலைக் குஞ்சா? அடையாளம் காணும் வழிகள்

"ஓடைக்கரையில் பெரிய பல்லி மாதிரி ஒன்று படுத்திருந்தது. ஆளைப் பார்த்ததும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. விஷப் பிராணியா? அடித்துவிடலாமா?" விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தமிழகத்தில் இப்படித் தென்படுவது பெரும்பாலும் உடும்புதான். ஆனால் கொள்ளிடக் கரை, அமராவதி அணைப் பகுதி போன்ற இடங்களில் அது முதலைக் குஞ்சாகவும் இருக்கலாம். அதனால் தொலைவில் நின்றபடியே அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்.

உடும்பு

முதலில் நாக்கைப் பாருங்கள். பாம்பைப் போலப் பிளவுபட்ட நீண்ட நாக்கை அடிக்கடி வெளியே நீட்டும். கழுத்து நீளமாகத் தெரியும். தோல் சிறு மணிகள் கோத்தது போல இருக்கும். முதுகில் முள்வரிசை கிடையாது. வளர்ந்த உடும்பு பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், வாலையும் சேர்த்து 5 அடிக்கு மேலும் இருக்கும். குட்டிகளின் உடலில் புள்ளிகளும் குறுக்குப் பட்டைகளும் பளிச்சென்று தெரிவதால், பலர் வேறு விலங்கு என்று நினைத்துவிடுகிறார்கள்.

முதலைக் குஞ்சு

சுமார் ஒரு அடி நீளம் இருக்கும். அகன்ற மூக்கு, முதுகில் வரிசையாக மேடிட்ட கெட்டிச் செதில்கள், வாலின் மேல் பற்களைப் போன்ற விளிம்பு ஆகியவை அடையாளம். முதலையின் நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியிருப்பதால் அதை வெளியே நீட்ட முடியாது. குஞ்சைக் கண்டால் தாய் அருகிலேயே இருக்கும் என்று கொள்ளுங்கள். உடனே கரையை விட்டு விலகுங்கள். ஆடு மாடுகளையும் அங்கே தண்ணீருக்கு விடாதீர்கள்.

அரணை, ஓணான்

அரணையின் உடல் வழவழப்பாக மின்னும். கழுத்து தனியே தெரியாது. அரணை கடித்தால் மரணம் என்பது வெறும் நம்பிக்கை; அதற்கு விஷம் கிடையாது. ஓணானுக்குப் பிடரியில் முட்கள் இருக்கும். அதன் நாக்கு பிளவுபட்டிருக்காது.

உடும்பால் வயலுக்கு என்ன பயன்?

வண்டுகள், புழுக்கள், நத்தைகள், எலிகள், வரப்பில் வளை போடும் நண்டுகள் ஆகியவை இதன் உணவு. கோழி முட்டையையும் குஞ்சுகளையும் எடுக்கும் என்பதும் உண்மை. கோழிக்கூண்டைச் சிறு கண் கொண்ட கம்பிவலையால் மூடி, அடிப்பகுதியில் இடைவெளி இல்லாமல் அடைத்தாலே போதும்.

செய்ய வேண்டியவை

• விலகி நின்று வழிவிடுங்கள். உடும்பு தானாக வந்து தாக்காது; மூலையில் மடக்கினால் வாலால் அடிக்கும், கடிக்கும்.

• உடும்புக்குப் பாம்பைப் போன்ற விஷப்பல் இல்லை. கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். காயத்தில் கிருமித் தொற்று ஏற்படலாம். டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

• வீட்டுக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ சிக்கியிருந்தால் நீங்களே பிடிக்க முயலாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். முதலை என்று சந்தேகம் வந்தாலே தகவல் கொடுத்துவிடுங்கள்.

• இறைச்சிக்காகவோ எண்ணெய்க்காகவோ உடும்பைப் பிடிப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பும் முதலையும் முதல் அட்டவணையில் உள்ளன. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. தெரியாமல் அடித்துவிட்டேன் என்று பிறகு சொல்வதைவிட, அடிப்பதற்கு முன் நாக்கையும் முதுகையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.