பாங்கு மூடிய நாளும் சபை கூடும் வேளையும்

ஒரு பாங்கின் கதவு ஒரே நாளில் அடைபட்டுவிடும். அதைக் குறித்து நாட்டின் சபை வாதிப்பதற்கோ வேளையும் விதியும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை 1960-ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது.

திருவாங்கூரில் 1927-இல் தோன்றிய பாலாய் சென்ட்ரல் பாங்கைக் கலைக்குமாறு, 1960 ஆகஸ்டு 8-ஆம் நாள் ரிசர்வ் பாங்கு கேரள உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்தது. சிறுகச் சேமித்த குடும்பங்கள் திகைத்தன. மூடியது முறைதானா என்னும் வாதம் பாராளுமன்றத்தையும் எட்டியது.

அவசரப் பொருளுக்கு லோக சபையின் விதிகள் வழி வகுத்துள்ளன. ஒத்திவைப்புத் தீர்மானத்துக்குச் சபாநாயகர் இசைய வேண்டும். எதிர்ப்பு எழுந்தால் ஐம்பது உறுப்பினரேனும் எழுந்து ஆதரிக்க வேண்டும். அதன்பின் வழக்கமாக மாலை 4 மணிக்கு விவாதம் தொடங்கும். ஆயின், நீதிமன்றத்தின் முன்னுள்ள பொருளை அத்தீர்மானம் தொடலாகாது. பாங்கைக் கலைப்பதோ நீதிமன்றத்தின் வழியே நிகழ்வது! வேகமான வழி குறுகுவது இங்கேதான்.

ஆதலால் நிலைத்த பலனை நாம் பின்வந்த சட்டங்களிலேயே காண்கிறோம். நலிந்த பாங்கை மற்றொன்றுடன் இணைக்கும் அதிகாரம் 1960-லேயே சட்டமாயிற்று. 1962 ஜனவரி 1 முதல் வைப்புத் தொகைக்குக் காப்பீடு வந்தது. அன்று உச்ச அளவு 1,500 ரூபாய். 2020-இல் அது 5 லட்சமாயிற்று.

பாலாய் பாங்கில் பணமிட்டோருக்கு அக்காப்பு கிட்டவில்லை. அவர்கள் பட்ட இடரின் பயனை அடைந்தவர்கள் பின்வந்த நாமே.