கட்டிலுக்கு வாரிசு யார்?

உம்மா அவர்கள் இறையடி சேர்ந்து ஓராண்டு கழிந்த பின்னரும், அவர்கள் துயின்ற கட்டில் தங்கையின் இல்லத்துப் பின்தாழ்வாரத்தில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அறையைப் புதுக்கிக் கட்ட வேண்டியிருந்தமையால் அதனை வெளியேற்ற நேர்ந்தது. விற்றுவிடலாம் என்றாள் தங்கை. உம்மாவின் கட்டில் அயலார் கைக்குப் போவதா என்று கலங்கினார்கள் லாத்தா. இருவரும் நம் முகத்தை நோக்கினர். மதரஸாவில் பல்லாண்டுகளாகப் பாகப்பிரிவினைப் பாடம் நடத்துகிறவராயிற்றே, தீர்ப்புச் சொல்லட்டும் என்பது அவர்கள் எண்ணம். நாமோ, "இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி வந்தோம். அந்த ஒரு சொல்லால் விளைந்த கேட்டினை இறுதியில் கூறுவோம். வைப்பதா, விற்பதா, கொடுப்பதா என்று முடிவு செய்யுமுன் பொருளின் வரலாற்றை அறிந்துகொள்வது நலம். ஆதலின் முதலில் அதனைக் காண்போம்.

அரியணையும் கட்டிலே

கட்டில் என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. இன்று அது படுக்கையை மட்டுமே குறிக்கின்றது. சங்க காலத்திலோ அரசன் வீற்றிருந்த ஆசனமும் கட்டிலே. அதனை அரசுகட்டில் என்றனர். வீரமுரசினை வைக்கும் பீடமும் கட்டிலே. அம்முரசுகட்டிலின்மீது அறியாது ஏறித் துயின்ற மோசிகீரனாரைத் தண்டியாது, சேர மன்னன் அருகே நின்று கவரி வீசிய செய்தியைப் புறநானூற்றில் கற்றிருக்கின்றோம்.

அரபு மொழியிலும் இதனையொத்த ஒரு நிலையைக் காண்கின்றோம். 'ஸரீர்' என்னும் சொல் படுக்கும் கட்டிலைக் குறிக்கும். மன்னரின் அரியணையைக் குறிக்கும். மையித்தைச் சுமந்து செல்லும் பாடையையும் குறிக்கும். உறங்குவதும் ஆள்வதும் இறுதியில் சுமக்கப்படுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் விரிவாகப் பேசப்படுகின்றது. போரில் பட்ட நாற்பதாண்டு யானையின் கொம்பினைக் கொண்டு, கைவல்ல தச்சன் இலை வேலைப்பாடு செய்து அமைத்த கட்டில் அது. ஆயினும் அரசி அதில் தனியே கிடக்கின்றாள். அரசனோ பாசறையில் இருக்கின்றான். அப்பகுதியை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் நம் கடற்கரை ஊர்களின் பெண்மக்களே நம் நினைவுக்கு வருவர். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வாணிபம் நாடிச் சென்ற ஆடவர் ஆண்டுகள் பல கழித்தே திரும்பினர். அவர்கள் அனுப்பிய பொருளால் செய்த அழகிய கட்டில்களில் அவர்தம் மனைவியர் தனியே துயின்றனர்.

ரங்கூன் தேக்கு

உம்மாவின் கட்டில் நான்கு தூண்களும் மேற்சட்டமும் உடைய சப்பரமஞ்சக் கட்டில். நம் பாட்டியாரின் திருமணத்துக்கெனச் செய்யப்பட்டது. பாட்டியார் அதனைத் தம் மகளின் திருமணத்தின்போது மகளுக்கே உரிமையாக்கினார்கள். இரும்பு ஆணி ஒன்றுகூட அதில் இல்லை. துளையிற் கழுந்து பொருந்த, மர ஆணியால் இறுக்கியிருந்தனர். ஆகவே தேவைப்படும்போது கழற்றி, வேறோர் இடத்தில் மீண்டும் பூட்டலாம். மரம், பாட்டனார் ரங்கூனிலிருந்து கப்பலில் அனுப்பிய தேக்கு.

தேக்கு என்னும் நம் சொல்லைப் போர்த்துக்கீசியர் தம் மொழிக்குக் கொண்டு சென்றனர். அவர்கள் வழியே அது ஆங்கிலத்திலும் நிலைத்தது. அரபுகள் இம்மரத்தை 'ஸாஜ்' என்றனர். பாரசீக வளைகுடாவின் ஸீராப் துறைமுகத்து வீடுகள் தேக்கு மரத்தால் கட்டப்பட்டிருந்ததைப் பத்தாம் நூற்றாண்டுப் புவிநூலார் இஸ்தக்ரீ குறித்துள்ளார். அதற்கும் முன்னதாக, ஹிஜ்ரி 29இல் கலீபா உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலை விரிவுபடுத்தியபோது அதன் கூரையை ஸாஜ் மரத்தால் அமைத்தார்கள் என்பது புகாரீயில் பதிவாகியுள்ளது.

பர்மாத் தேக்கின் கதை பேரரசுகளின் கதையோடு பிணைந்தது. 1852இல் ஆங்கிலேயர் ரங்கூனைக் கைப்பற்றினர். 1856இல் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பெகு நாட்டுத் தேக்கங்காடுகளின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆதலால் வெட்டுமுன் அடிமரத்தில் பட்டையை வளையமாகச் செதுக்கி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற நிலையிலேயே உலரவிடுவர். பின்னர் வெட்டி, யானைகளைக் கொண்டு இழுத்து ஆற்றில் தள்ளுவர். கட்டைகள் ஐராவதி வழியே மிதந்து ரங்கூன் வந்து சேரும். 1885இல் மாண்டலேயின் திபா மன்னர் பம்பாய் பர்மா வணிகக் கம்பெனிமீது மரம் வெட்டிய தகராறில் பெரும் அபராதம் விதித்தார். அதனையே சாக்காகக் கொண்டு ஆங்கிலேயர் படையெடுத்து வட பர்மாவையும் விழுங்கினர். மரத்துக்காக ஒரு முடி வீழ்ந்தது.

அந்த ரங்கூனில் 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியராக இருந்தனர். நம் பாட்டனாரின் சிறு கடையும் அங்கேதான் இருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு பொழிந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர் கப்பலிலும் காடுமலை வழியே கால்நடையாகவும் வெளியேறினர். வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். பாட்டனார் உடுத்த துணியோடு ஊர் திரும்பினார்கள். போர் முடிந்த பின் மீண்டும் சென்றவர்களையும், 1962இல் ஆட்சியைப் பிடித்த இராணுவத்தின் தேசியமயத் திட்டம் 1964இல் திருப்பியனுப்பியது. ரங்கூன் சம்பாத்தியத்தில் நம் குடும்பத்துக்கு எஞ்சியது, முன்னரே கப்பலேறி வந்துவிட்ட அந்த மரம் ஒன்றே. கடை போயிற்று, கட்டில் நின்றது.

மதீனாவில் ஒரு கட்டில்

இத்தகைய வரலாறுடைய பொருளை விற்கலாமா என்று லாத்தா கேட்டபோது, கிதாபுகளில் கண்ட ஒரு செய்தி நம் நெஞ்சில் எழுந்தது.

மக்கத்துக் குறைஷியர் கட்டிலில் துயில்வதை விரும்பியவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்து அபூ அய்யூப் (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கியபோது, அவ்வீட்டில் கட்டில் இல்லை. அதனை அறிந்த அஸ்அது இப்னு ஸுராரா (ரலி) அவர்கள் தேக்குக் கால்கள் பொருத்திய கட்டில் ஒன்றை அனுப்பி வைத்தார்கள். பின்னர் அது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்துக்கு வந்து, அவர்களுக்கே அன்பளிப்பாயிற்று. நாயகம் (ஸல்) அவர்கள் இறுதிவரை அதில் துயின்றார்கள். மறைந்த பின் அவர்களின் புனித உடல் வைக்கப்பட்டதும் அதன்மீதே. அதன்பின் மக்கள் தம் மையித்துகளைச் சுமக்க அதனைக் கேட்டு வாங்கிச் சென்றனர். அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் அதில் சுமக்கப்பட்டார்கள். இதனை அறிவிப்பவர் ஹிஜ்ரி 279இல் மறைந்த வரலாற்றாசிரியர் பலாதுரீ. பேரீச்ச நாரால் பிணைத்த அக்கட்டில் உமையாக்கள் காலத்தில் விற்கப்பட்டது என்றும், ஒருவர் நாலாயிரம் திர்ஹம் கொடுத்து வாங்கினார் என்றும் இப்னு குதைபா உரைத்ததாக ஸுஹைலீ எழுதுகின்றார்.

இச்செய்தியைப் பன்முறை படித்திருந்தும் ஒன்றை நாம் கவனிக்கவில்லை. அதனினும் சிறந்த நினைவுப் பொருள் ஒன்று இருக்க முடியுமா? ஆயினும் அதனை எவரும் ஓர் அறையில் பூட்டிவைக்கவில்லை. இரவற் பொருளாய் ஊரார் தோளில் அது ஏறி இறங்கிற்று. முடிவில் விலைக்கும் போயிற்று. விற்றதை மரியாதைக் குறைவு என்று இவ்வறிவிப்புகள் குறை கூறவில்லை.

பங்கிட முடியாத பொருள்

இனிச் சட்டத்துக்கு வருவோம். திருமணத்தின்போது பெண்ணுக்குப் பெற்றோர் உரிமையாக்கிய பொருள் அவளுடையதே, கணவனுடையது அன்று. அவள் மறைந்தால் அவளுடைய வாரிசுகளுக்குச் சேரும். வாப்பா முன்னரே மறைந்துவிட்டமையால் உம்மாவின் வாரிசுகள் நாம் மூவரே. நான்கு பாகமாக்கி மகனுக்கு இரண்டு, மகள்மார்க்கு ஒவ்வொன்று என்பது கணக்கு.

இங்கே ஒரு வேடிக்கை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. ஆண்மகன் மனைவியின் இல்லத்தில் வாழ்பவன். உம்மா இருந்த வீட்டையும் அவர்கள் தம் வாழ்நாளிலேயே தங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே கட்டிலில் பாதி நம்முடையது. அதனை வைத்துக்கொள்ளும் இடமோ ஒரு முழம் இல்லை!

கட்டிலை அறுத்துப் பங்கிட முடியுமா? இமாம் நவவீயின் மின்ஹாஜ் இதற்கு வழி காட்டுகின்றது. விலையுயர்ந்த மணி, ஒரு ஜோடிக் காலுறை போன்ற, பிரித்தால் பெருந்தீங்கு விளையும் பொருளைப் பங்குதாரர் அனைவரும் கேட்டாலும் காழி பிரித்துத் தரமாட்டார். ஆனால், பயன் முற்றிலும் அழியாதாயின், அவர்கள் தாமே பிரித்துக்கொள்வதைத் தடுக்கவும் மாட்டார். இதற்கு நவவீ காட்டும் உவமை, ஒடிக்கப்படும் வாள். மற்றைய பொருள்களை விலை மதித்து ஈடு செய்து பங்கிடலாம். முறை வைத்துப் பயன்படுத்தலாம். முழுமையாக விற்றுப் பணத்தைப் பங்கிடலாம். இத்தனை வழிகளில் எதிலும் "அப்படியே கிடக்கட்டும்" என்பது இல்லை. பாடம் நடத்திய நாம் அந்த இல்லாத வழியையே பிடித்துக்கொண்டிருந்தோம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். "எனக்கு எதுவும் வேண்டாம், காக்கா" என்று தங்கை முதல் நாளே சொல்லியிருந்தாள். நம் இல்லங்களில் பெண்கள் கூச்சத்தால் இவ்வாறு சொல்வதும், ஆண்கள் அதனைக் கேட்டு மகிழ்வதும் வழக்கமாகிவிட்டன. தன் பாகம் இன்னதென்று அறியாமல் விடுவதை மனமொப்பிய விட்டுக்கொடுத்தல் என எவ்வாறு கொள்வது? பொருள் அற்பமாயினும் பெண்ணின் பாகம் அற்றுப்போவதில்லை என்பது அந்நிஸா அத்தியாயத்தின் தீர்ப்பு. ஊர் வழக்கத்தைக் காட்டிப் பெண்களின் உரிமை மறுக்கப்பட்டமையாலன்றோ 1937இல் ஷரீஅத் சட்டம் கொண்டுவர நேர்ந்தது?

சாக்கை நீக்கியபோது

ஒரு நாள் தச்சரை அழைத்துச் சென்றோம். சாக்கை நீக்கியதும் நெஞ்சு திடுக்கிட்டது. ஒழுகிய மழைநீர் தேங்கி, ஒரு காலின் அடிப்பகுதி உளுத்திருந்தது. தேக்கின் வைரத்தைக் கறையான் எளிதில் தீண்டாது; அந்தக் காலிலோ வெளிறிய மென்பகுதி கலந்திருந்ததைத் தச்சர் விரலால் குத்திக் காட்டினார். மூன்று தலைமுறை தாங்கிய கட்டிலை, மரியாதை செய்வதாக எண்ணிய நம் தயக்கம் ஓராண்டில் அரித்துவிட்டது. லாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலைத் தடவிக்கொண்டு நின்றார்கள். நாம் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டோம்.

அன்றே கட்டில், இரண்டு அலமாரிகள், நிலைக்கண்ணாடி, தொட்டில் எல்லாவற்றையும் தச்சர் வாயால் விலை மதித்து எழுதினோம். ஒவ்வொருவர் பாகமும் எவ்வளவு என்பதை உரக்கப் படித்தோம். அதன் பின்னரே யாருக்கு எது வேண்டும் என்று கேட்டோம். தங்கை ஓர் அலமாரியையும் தொட்டிலையும் விரும்பினாள். நிலைக்கண்ணாடியும் மற்றோர் அலமாரியும் நமக்கு வந்தன. லாத்தா கட்டிலைக் கேட்டார்கள். அதன் மதிப்பு அவர்கள் பாகத்தினும் மிகுதி. மிகுந்ததை நம் பாகத்தில் கழித்துவிட்டோம்.

ஆனால் லாத்தாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு உயரம் ஏற இயலாது. நான்கு கால்களையும் ஒரு சாண் அறுத்துவிட்டால் உளுத்த பகுதியும் போகும், உயரமும் குறையும் என்றார் தச்சர். கடைசல் வேலை செய்த அடிக்குமிழ்கள் போய்விடுமே என்று நம் மனம் தயங்கிற்று. நவவீயின் வாள் நினைவுக்கு வந்தது. "அறுங்கள்" என்றோம்.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பரணிலும் தாழ்வாரத்திலும் இத்தகைய கட்டில்கள் இருக்கலாம். பாகத்தைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள், பெண்களை முதலில் கேளுங்கள், பயன்படுத்துவோருக்குக் கொடுங்கள். எவருக்கும் வேண்டாமெனில் முழுமையாக விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், அதில் இழுக்கில்லை. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் குவிந்துள்ள கட்டில்களைக் கண்டு நாம் முன்பெல்லாம் வருந்தியதுண்டு. வாங்குவோர் ஒருவர் அதில் உறங்குவாராயின், சாக்குக்குள் உளுப்பதைவிட அது மேல் என்று இப்போது தோன்றுகின்றது.

அறுத்த துண்டுகளில் உளுத்த ஒன்று அடுப்புக்குப் போயிற்று. மற்ற மூன்றும் தங்கையின் வீட்டில் தண்ணீர்க் குடத்துக்கு அடிமுட்டாக இருக்கின்றன. லாத்தா இலவம் பஞ்சில் அளவெடுத்து மெத்தை தைத்துக்கொண்டார்கள். இப்போது பேத்தியையும் அருகே கிடத்திக்கொண்டு அக்கட்டிலில் உறங்குகின்றார்கள்.