விளிம்படித் துப்பாக்கிகளில் தோட்டா சிக்குதல்

விளிம்படித் துப்பாக்கிகளில் தோட்டா சிக்குதல் என்பது, தோட்டா அறைக்குள் செல்லாமலோ, சுடப்பட்ட வெற்றுறை வெளியேறாமலோ இவ்வகைத் துப்பாக்கியின் இயக்கம் தடைப்படுவதைக் குறிக்கும். .22 லாங் ரைபிள் தோட்டாவைச் சுடும் பழைய அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் இது பரவலாகக் காணப்படும் குறை ஆகும். பெரும்பாலும் படிந்த அழுக்கும் தேய்ந்த சிறு உறுப்புகளுமே இதற்குக் காரணம் என்பதால், பல பழைய துப்பாக்கிகளை மீண்டும் சீராக இயங்கச் செய்ய இயலும்.

தோட்டாவின் அமைப்பு

விளிம்படித் தோட்டாவில் பற்றவைப்புக் கலவை உறையின் அடிவிளிம்பினுள் இடப்பட்டிருக்கும். அடியூசி அவ்விளிம்பை நசுக்கும்போது கலவை தீப்பற்றுகிறது. இதற்காக விளிம்பு மெல்லிய பித்தளையால் ஆனதாக இருக்கவேண்டும். .22 லாங் ரைபிளில் ஈயக் குண்டின் விட்டமும் உறையின் விட்டமும் ஏறத்தாழ ஒன்றே. குண்டின் மேற்பரப்பில் பூசப்பட்ட மெழுகு வெளியே திறந்திருப்பதால் தூசி அதில் எளிதில் ஒட்டும். மலிவான இத்தோட்டா மெழுகு, ஈயத்துகள், கரி ஆகியவற்றைத் துப்பாக்கியினுள் விட்டுச் செல்கிறது.

வரலாறு

பிரான்சு நாட்டின் லூயி நிக்கோலா ஃபுளோபேர் 1845 இல் உருவாக்கிய தோட்டா இவ்வகையின் முன்னோடி. அமெரிக்காவில் சிமித் அண்டு வெசன் நிறுவனம் 1857 இல் .22 சார்ட் தோட்டாவையும், சிடீவன்சு நிறுவனம் 1887 இல் .22 லாங் ரைபிளையும் வெளியிட்டன. கரு வெடிமருந்தின் கசடு தானியங்கு உறுப்புகளை அடைத்துவிடும். எனவே வின்செசுடர் நிறுவனம் தன் 1903 ஆம் ஆண்டு அரைத் தானியங்கித் துப்பாக்கிக்குப் புகையிலா வெடிமருந்து கொண்ட தனித் தோட்டாவையே வடிவமைத்தது. பின்னர் மார்லின் 60 (1960), ரூகர் 10/22 (1964) ஆகியவை பெரும் எண்ணிக்கையில் விற்பனையாயின.

காரணங்கள்

இத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பின்னுந்து முறையில் இயங்குகின்றன. வெடிப்பின் அழுத்தம் வெற்றுறையைப் பின்னுக்குத் தள்ள, உறை போல்ட்டைத் தள்ளுகிறது; சுருள்வில் அதனை முன்னுக்குக் கொணர்கிறது. கிடைக்கும் ஆற்றல் குறைவு என்பதால் சிறு உராய்வும் இயக்கத்தைக் கெடுக்கும்.

* தோட்டா உள்ளே செல்லாமை: தோட்டாப் பெட்டியின் வாயோரம் வளைந்திருத்தல், அதன் சுருள்வில் தளர்ந்திருத்தல், அறையில் கசடு படிந்திருத்தல்.
* வெற்றுறை வெளிவராமை: உறையைப் பற்றி இழுக்கும் கொக்கி தேய்ந்திருத்தல் அல்லது அதனடியில் அழுக்கு சேர்ந்திருத்தல்.
* வெற்றுறை போல்ட்டுக்கும் அறைக்கும் இடையில் புகைபோக்கி போல் நிமிர்ந்து மாட்டிக்கொள்ளுதல்: உறையை வெளியே எறியும் தள்ளி தேய்ந்திருத்தல், திறன் குறைந்த தோட்டாவைப் பயன்படுத்துதல்.
* தோட்டா வெடிக்காமை: அடியூசி தேய்ந்திருத்தல், சுத்தியலின் சுருள்வில் தளர்ந்திருத்தல், விளிம்பினுள் கலவை சீராகப் பரவாதிருத்தல்.

லாங் ரைபிளுக்கான அறையில் குட்டையான .22 சார்ட் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால், உறை முடியும் இடத்துக்கு முன்னால் வளையம் போலக் கசடு படியும். பின்னர் இடப்படும் நீண்ட தோட்டா அவ்விடத்தில் சிக்கும். மேலும், தோட்டா இல்லாமல் விசையை இழுக்கும் பழக்கத்தால் பல பழைய துப்பாக்கிகளில் அடியூசி அறையின் விளிம்பில் மோதி, அங்கு ஒரு பிசிறை உண்டாக்கும். எவ்வளவு துடைத்தாலும் இக்குறை நீங்காது.

பாதுகாப்பு

வெடிக்காத தோட்டா சற்றுத் தாமதித்து வெடிக்கக்கூடும். ஆகவே குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி குறைந்தது 30 நொடிகள் காத்திருந்த பின்னரே போல்ட்டைத் திறக்கவேண்டும். சிக்கிய தோட்டாவின் விளிம்பை இரும்புக் கருவியால் நெம்பினால் அது வெடிக்க வாய்ப்புண்டு. வெடியொலி வழக்கத்தைவிட மெலிதாக இருந்தால் குண்டு குழலிலேயே தங்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கக்கூடும். குழாய் வடிவத் தோட்டாப் பெட்டியில் ஒரு தோட்டா ஒட்டிக்கொண்டு எஞ்சியிருக்கலாம் என்பதால், அக்குழாயையும் அறையையும் கண்ணால் பார்த்து உறுதி செய்தபின்னரே பழுது பார்க்கவேண்டும்.

சீர்செய்தல்

முதலில் அறை, போல்ட்டின் முகம், கொக்கியின் அடிப்பகுதி ஆகியவற்றைக் கரைப்பானும் வெண்கலத் தூரிகையும் கொண்டு தூய்மை செய்வர். பழைய எண்ணெய் பிசின் போல இறுகியிருந்தால் அதனை முழுமையாக அகற்றி, மிகச் சிறிதளவே புதிய எண்ணெய் இடுவர். மிகுதியான எண்ணெய் கரியைப் பிடித்துவைக்கும். அடுத்து வேறொரு தோட்டாப் பெட்டியையும், வேறு வகைத் தோட்டாக்களையும் மாற்றிச் சோதிப்பர். ஒரு பெட்டியில் மட்டும் சிக்கல் தோன்றினால் குறை துப்பாக்கியில் இல்லை என்பது தெளிவு.

இதன் பின்னரும் சிக்கல் தொடர்ந்தால் கொக்கி, அடியூசி, சுருள்வில் ஆகியவற்றைப் புதிதாக மாற்றுவர். இவை விலை குறைந்த உறுப்புகள். அறை விளிம்பின் பிசிறை அதற்கென உள்ள கருவியால் அழுத்தி மீண்டும் வட்டமாக்கலாம். இது தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் செய்யவேண்டிய பணி. அரத்தால் தேய்த்தால் உறையைத் தாங்கும் உலோகம் குறைந்து, மெல்லிய விளிம்பு வெடிப்பின்போது கிழிந்து, சுடுபவர் முகத்தில் சூடான வளிமம் பாயும் இடர் உண்டு.