கொரோனா வைரஸ் தொற்றிலிருந்து மீண்டோரின் நோயெதிர்ப்பாற்றல்

கொரோனா வைரஸ் தொற்றிக் குணமடைந்தவர்களின் உடலில் அந்த வைரசுக்கு எதிராக உருவாகி, நோய் தணிந்த பின்னும் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நிலைக்கும் தற்காப்பு. ரத்தத்தில் சுற்றிவரும் எதிர்ப்பொருள்கள், எலும்பு மஜ்ஜையில் தங்கி அவற்றைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள், மறுபடி வைரஸ் வந்தால் விரைந்து பெருகும் நினைவு பி செல்கள், வைரஸ் புகுந்த செல்களை அடையாளம் கண்டு அழிக்கும் டி செல்கள் ஆகியவை இதில் அடங்கும். இவை ஒரே வேகத்தில் வளர்வதில்லை, ஒரே வேகத்தில் தேய்வதும் இல்லை. தொற்றே அண்டாமல் தடுக்கும் ஆற்றல் சீக்கிரம் மங்கிவிடுகிறது. நோய் முற்றி உயிருக்கு உலை வைக்காமல் காக்கும் ஆற்றலோ நெடுநாள் நிற்கிறது. 2020 முதல் வந்த ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதியான இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான், ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் செய்திகள் பலவற்றைப் புரிந்துகொள்ள முடியும்.

முதல் நாட்கள்

வைரஸ் மூக்கிலோ தொண்டையிலோ ஒரு செல்லுக்குள் நுழைந்ததும் அந்த செல் இண்டர்ஃபெரான் என்னும் புரதத்தை வெளியிட்டு அண்டை செல்களை எச்சரிக்கிறது. கோவிட்-19ஐ உண்டாக்கும் சார்ஸ்-கோவ்-2 இந்த எச்சரிக்கையைத் தாமதப்படுத்தும் திறன் கொண்டது. எச்சரிக்கை உரிய நேரத்தில் எழுந்தவர்கள் பெரும்பாலும் லேசான காய்ச்சலோடு தப்புகிறார்கள். பாரிசிலும் நியூயார்க்கிலும் இயங்கும் ஜான்-லோரன் கசனோவாவின் குழு, சிலரிடம் இந்த எச்சரிக்கை பலிக்காமல் போவதற்கு ஒரு முக்கியமான காரணத்தை 2020-இல் கண்டறிந்தது. உயிருக்கு ஆபத்தான நுரையீரல் அழற்சிக்கு ஆளான 987 பேரில் 101 பேரின் ரத்தத்தில், தம் சொந்த இண்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. கோவிட் வருவதற்கு முன்பே அவை சிலரிடம் இருந்ததற்குச் சான்று கிடைத்தது. முதுமையில் இவை கூடுதலாகக் காணப்படுகின்றன. வயதானோரிடையே இறப்பு மிகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்பொருள்கள்

நோய்க்குறி தோன்றிய ஓரிரு வாரங்களில் ஐஜிஎம், ஐஜிஏ, ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் தென்படத் தொடங்குகின்றன. அவற்றுள் சில, வைரசின் ஸ்பைக் புரதத்தில் மனித செல்லைப் பற்றிக்கொள்ளும் பகுதியில் போய் ஒட்டி, வைரஸ் உள்ளே நுழைவதையே தடுக்கின்றன. வைரசைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் எனப்படுபவை இவையே. நோய் கடுமையாக வந்தவர்களிடம் இவற்றின் அளவு பொதுவாக அதிகமாகவும், அறிகுறியே இல்லாமல் தொற்று வந்து போனவர்களிடம் குறைவாகவும் இருக்கும்.

2020 ஜூலையில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வு ஒன்று, மூன்றே மாதங்களில் இந்த அளவு வெகுவாகச் சரிவதாகத் தெரிவித்தது. அளவீட்டில் பிழையில்லை. அதிலிருந்து "எதிர்ப்பாற்றல் மூன்று மாதத்தில் போய்விடும்" என்று எடுக்கப்பட்ட முடிவுதான் தவறு. எந்தத் தொற்றிலும் முதலில் அவசரத்துக்கு உருவாகும் பிளாஸ்மா செல்கள் குறுகிய ஆயுள் கொண்டவை. அவை மடியும்போது எதிர்ப்பொருள் அளவு செங்குத்தாக இறங்குகிறது. பிறகு சரிவு மெதுவாகி, ஒரு நிலையில் நீடிக்கிறது.

அந்த நீடிப்பு எங்கிருந்து வருகிறது? ஐஜிஜி மூலக்கூறுகளில் பாதி சுமார் மூன்று வாரத்தில் சிதைந்துவிடும். ஆகவே ஓராண்டு கழித்தும் ஒருவர் ரத்தத்தில் ஐஜிஜி இருக்குமானால், உடலில் எங்கோ அது இடைவிடாமல் உற்பத்தியாகிக்கொண்டிருக்க வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலி எல்லபெடியின் குழு அந்த இடத்தை நேரில் தேடியது. தொற்றுக்கு ஆளாகி ஏழெட்டு மாதங்களான 18 பேர் தம் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுக்க ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் மஜ்ஜையில் ஸ்பைக் புரதத்துக்கு எதிரான நீண்ட ஆயுள் பிளாஸ்மா செல்கள் அமைதியாகத் தங்கியிருந்தன. இவர்களில் பெரும்பாலோர் லேசான நோயோடு தப்பியவர்கள். 2021 மே மாதம் நேச்சர் இதழில் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, லேசான தொற்றுக்குப் பின் நீடித்த எதிர்ப்பாற்றல் வராது என்ற கருத்தை முறியடித்தது. எலும்பில் ஊசி இறக்குவது வலி தரும் செயல். குணமாகி வீடு திரும்பியவர்கள் அதற்கு முன்வந்ததால்தான் இது தெரியவந்தது.

நினைவு செல்கள்

கலிபோர்னியாவின் லா ஹோயா நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் ஷேன் கிராட்டியும் அலெசாண்ட்ரோ செட்டேயும் நடத்திய ஆய்வு, ஒரே ஒரு அளவீட்டை நம்பாமல் எதிர்ப்பாற்றலின் பல கூறுகளைச் சேர்த்து அளந்தது. 188 பேரின் ரத்தம் எட்டு மாதங்கள் வரை சோதிக்கப்பட்டது. டி செல்களின் எண்ணிக்கை மூன்று முதல் ஐந்து மாதங்களில் பாதியானது. ஸ்பைக் புரதத்தை அறியும் நினைவு பி செல்களோ முதல் மாதத்தைவிட ஆறாவது மாதத்தில் கூடியிருந்தன.

எண்ணிக்கை மட்டும் கூடவில்லை, தரமும் கூடியது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மிஷெல் நுசன்ஸ்வைக் குழுவினர், தொற்றுக்குப் பின் ஆறு மாதம் கழித்து எடுத்த நினைவு பி செல்கள் சுரக்கும் எதிர்ப்பொருள்கள், முதல் மாதத்தில் சுரந்தவற்றைவிட வைரசை இறுகப் பற்றுவதையும், உருமாறிய வகைகளையும் அடையாளம் காண்பதையும் காட்டினார்கள். நிணநீர் முடிச்சுகளில் பி செல்கள் தம் மரபணுவைச் சிறுசிறிதாக மாற்றிப் பார்த்து, நன்றாகப் பற்றுபவை மட்டும் பிழைத்துப் பெருகும் தேர்வு பல மாதங்கள் தொடர்கிறது. நோயாளி குணமானதாக நினைத்து வேலைக்குத் திரும்பிய பிறகும் உள்ளே இந்தப் பயிற்சி நடந்துகொண்டேயிருக்கிறது என்பது, என் பார்வையில், இந்தத் துறை நமக்குச் சொன்னவற்றில் மிக வியப்பான செய்தி.

டி செல்கள் வைரஸ் நுழைவதைத் தடுக்க இயலாதவை. ஆனால் அவை ஸ்பைக் புரதத்தின் பல துண்டுகளையும், அதிகம் மாறாத உட்புரதங்களையும் அறிந்துவைத்திருப்பதால், உருமாற்றம் அவற்றை எளிதில் ஏமாற்றிவிடாது. பிறவிக் குறைபாட்டால் பி செல்களே இல்லாத சிலர் கோவிட்டிலிருந்து மீண்டது இத்தாலியில் பதிவானது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், சிகிச்சையால் பி செல்களை இழந்திருந்த ரத்தப் புற்றுநோயாளிகளுள் சிடி8 வகை டி செல்கள் அதிகம் கொண்டோர் கூடுதலாக உயிர் பிழைத்தனர். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம், நோயாளிகளின் குடும்பத்தாருள் எதிர்ப்பொருள் சோதனையில் எதுவும் தென்படாத சிலரிடமும் டி செல் நினைவு இருந்ததைக் கண்டது.

மறுதொற்று

மீண்டவருக்கு மறுபடி தொற்றுமா என்ற கேள்விக்கு, கோவிட்டுக்கு வெகுமுன்பே, சாதாரணச் சளியை உண்டாக்கும் கொரோனா வைரஸ்கள் ஒரு விடை தந்திருந்தன. இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் இருந்த சளி ஆய்வு நிலையத்தில் தன்னார்வலர்களின் மூக்கில் 229இ வகை வைரஸ் செலுத்தப்பட்டது. ஓராண்டுக்குப் பின் அதே வைரசை மறுபடி செலுத்தியபோது, முதல் முறை தொற்றுக்கு ஆளானவர்களுள் 9 பேரில் 6 பேருக்கு மீண்டும் தொற்றியது. ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. 1990-இல் வெளியான அந்தச் சிறு ஆய்வு, முப்பது ஆண்டு கழித்து உலகம் முழுவதும் நிகழப்போவதை ஏறக்குறையச் சொல்லிவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் 10 ஆண்களிடம் 1985 முதல் சேகரித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது, சளி வகைக் கொரோனா வைரஸ்கள் பெரும்பாலும் 12 மாத இடைவெளியில் திரும்பத் தொற்றியது தெரிந்தது.

சார்ஸ்-கோவ்-2ஐப் பொறுத்தவரை, எதிர்ப்பொருள்கள் தொற்றைத் தடுப்பதற்கு மனிதரிடம் கிடைத்த தொடக்கச் சான்றுகளுள் ஒன்று கடலிலிருந்து வந்தது. 2020-இல் சியாட்டிலிலிருந்து புறப்பட்ட மீன்பிடிக் கப்பல் ஒன்றில் 122 பேர் இருந்தனர். அவர்களில் 104 பேருக்குத் தொற்று பரவியது. புறப்படும் முன் எடுத்த ரத்தத்தில், வைரசைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் மூன்று பேரிடம் மட்டும் இருந்தன. மூவரும் தப்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், மரபணு ஒப்பீட்டால் உறுதிசெய்யப்பட்ட முதல் மறுதொற்று ஹாங்காங்கில் பதிவானது. முதல் தொற்றுக்கு 142 நாட்களுக்குப் பின், ஐரோப்பாவிலிருந்து திரும்பிய 33 வயது ஆணிடம் விமான நிலையப் பரிசோதனையில் அது தெரிந்தது. அவருக்கு இரண்டாம் முறை எந்த அறிகுறியும் இல்லை. செய்தித்தாள்கள் அச்சத்தோடு வெளியிட்ட இந்த நிகழ்வு, உண்மையில் எதிர்ப்பாற்றல் வேலை செய்ததற்கான அடையாளம்.

பிரிட்டன் மருத்துவப் பணியாளர்கள் 25,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த சைரன் ஆய்வு, முன்பு தொற்று வந்தவர்களுக்கு மறுதொற்று அபாயம் 84 விழுக்காடு குறைவு என்று 2021-இல் மதிப்பிட்டது. ஒமைக்ரான் என்ற உருமாறிய வகை இந்தக் கணக்கை மாற்றியது. முன்தொற்று தரும் பாதுகாப்பு அதற்கு முந்தைய டெல்டா வகைக்கு எதிராக 92 விழுக்காடாக இருக்க, ஒமைக்ரானுக்கு எதிராக 56 விழுக்காடாக இறங்கியதைக் கத்தார் தரவுகள் காட்டின. ஆயினும் கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு 88 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. எதிர்ப்பொருள்கள் தவறவிட்டதை நினைவு செல்கள் பிடித்துக்கொண்டன என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

இந்தியாவில்

தமிழ்நாட்டு அரசு 2020 அக்டோபர், நவம்பரில் நடத்திய எதிர்ப்பொருள் கணக்கெடுப்பில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோரிடம் முன்தொற்றின் தடயம் கிடைத்தது. அதாவது மாநிலத்தில் பெரும்பாலோர் எந்த எதிர்ப்பாற்றலும் இல்லாமலே 2021-இன் டெல்டா அலையைச் சந்தித்தனர். அலை ஓய்ந்த ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நான்காம் தேசியக் கணக்கெடுப்பு 67.6 விழுக்காட்டைக் காட்டியது. அந்த எண்ணிக்கைக்கு நாடு கொடுத்த உயிர் விலை மிகப் பெரிது.

மீண்டவர்களின் எதிர்ப்பாற்றலைப் பிறருக்குக் கைமாற்றும் முயற்சியாக, அவர்கள் ரத்தத்தின் நீர்மப் பகுதியை நோயாளிக்குச் செலுத்தும் பிளாஸ்மா சிகிச்சை வந்தது. தில்லியிலும் சென்னையிலும் 2020 ஜூலையில் பிளாஸ்மா வங்கிகள் திறக்கப்பட்டன. குணமானவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். ஆனால் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடந்த பிளாசிட் ஆய்வில், பிளாஸ்மா இறப்பையோ நோய் முற்றுவதையோ குறைக்கவில்லை. பிரிட்டனின் ரிகவரி ஆய்வும் அதையே கண்டது. மருத்துவமனைக்கு வரும் நிலையில் நோயாளியின் உடலே எதிர்ப்பொருள்களை உருவாக்கத் தொடங்கியிருக்கும். அப்போது வதைப்பது பெரும்பாலும் வைரஸ் அல்ல, கட்டுமீறிய அழற்சி. 2021 மே மாதத்தில் தேசிய வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. முடிவு சரியானதே. ஆனால் பிளாசிட் முடிவுகள் வெளிவந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த மாதங்களில் பிளாஸ்மா கொடையாளரைத் தேடி அலைந்த குடும்பங்களின் தவிப்பு தேவையற்றது.

எதிர்ப்பாற்றல் குலையும்போது

மீண்ட அனைவருக்கும் நோயெதிர்ப்பு அமைப்பு பழைய சமநிலைக்குத் திரும்புவதில்லை. சில குழந்தைகளுக்குத் தொற்று போய் இரண்டு முதல் ஆறு வாரங்களில் பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி நோய் வருகிறது. தொற்று போன பின்னும் அறிகுறிகள் நீடிக்கும் நீள்கோவிட் உடையோரிடம் களைத்துப்போன டி செல்களையும், உள்ளே உறங்கிக்கிடந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் மறுபடி விழித்ததற்கான குறிகளையும், கார்டிசால் ஹார்மோன் குறைவையும் யேல் பல்கலைக்கழகத்தின் அகிகோ இவாசாகி குழு 2023-இல் வெளியிட்டது. நீள்கோவிட் நோயாளிகள் சொல்லும் சோர்வு மனப்பிரமை என்று ஒதுக்கத்தக்கதன்று.

எதிர்ப்பாற்றல் குலைவதற்கு மாறாக, அது மேலும் வலுப்பெறும் வழியும் உண்டு. தொற்றோடு தடுப்பூசியும் சேர்ந்து தரும் கலப்பு எதிர்ப்பாற்றல் தனித்தனியாக வரும் இரண்டையும்விட வலியது. முன்பே தொற்று வந்தவர்களுக்கு எம்ஆர்என்ஏ தடுப்பூசியின் ஒரே தவணை, தொற்று வராதவர்களைவிடப் பல மடங்கு எதிர்ப்பொருள்களைத் தூண்டியது.

2003-இன் சார்ஸிலிருந்து மீண்டோர்

கோவிட் நினைவு எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதை ஊகிக்க உதவியவர்கள், முந்தைய சார்ஸ் நோயிலிருந்து தப்பியவர்கள். 2002 நவம்பரில் சீனாவின் குவாங்டாங்கில் தொடங்கிய அந்நோய் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கி 774 பேரைக் கொன்றது. 2003 ஜூலையில் அது கட்டுக்குள் வந்தது. பின்னர் 2004-இல் ஆய்வகக் கசிவால் சிலருக்குத் தொற்றியதோடு மனிதரிடையே அது மறைந்தது. எனவே மீண்டவர்களுக்கு அந்த வைரசோடு மறு சந்திப்பே நேரவில்லை. அவர்களிடம் பின்னாளில் எஞ்சியிருந்தது முதல் தொற்றின் நினைவு மட்டுமே.

அவர்களின் எதிர்ப்பொருள்கள் சராசரியாக இரண்டாண்டு நின்று, மூன்றாம் ஆண்டில் சரிந்தன. ஆறாம் ஆண்டில் 23 பேரைச் சோதித்த சீன ஆய்வில் 21 பேரிடம் எதிர்ப்பொருள் இல்லை. ஆனால் 14 பேரிடம் டி செல் நினைவு இருந்தது. 2020-இல் சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் அன்டோனியோ பெர்டோலெட்டியின் குழு, 17 ஆண்டு கழித்தும் அந்த டி செல்கள் உயிர்ப்போடு இருப்பதையும், அவை புதிய வைரசின் நியூக்ளியோகேப்சிட் புரதத்தையும் அடையாளம் காண்பதையும் நிறுவியது.

2003-இல் சார்ஸ் வந்த ஒருவரிடம் பத்தாண்டு கழித்து எடுத்த ரத்தத்தில் கிடைத்த நினைவு பி செல் ஒன்றின் எதிர்ப்பொருள், சார்ஸ்-கோவ்-2ஐயும் முடக்கியது. அதிலிருந்து உருவான சோட்ரோவிமாப் மருந்துக்கு அமெரிக்கா 2021 மே மாதம் அவசர அனுமதி அளித்தது. ஒமைக்ரானின் பிஏ.2 வகை அதற்குக் கட்டுப்படாமல் போகவே, 2022 வசந்தத்தில் அங்கு அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. இதற்கிடையே சிங்கப்பூரில் லின்ஃபா வாங்கின் குழு, சார்ஸிலிருந்து மீண்ட 8 பேர் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட பின் அவர்களின் ரத்தத்தை ஆராய்ந்தது. பழைய நினைவும் புதிய ஊசியும் சேர்ந்து உருவாக்கிய எதிர்ப்பொருள்கள், சார்ஸையும் கோவிட்டின் உருமாறிய வகைகளையும், இன்னும் மனிதரைத் தொற்றாத வௌவால், எறும்புண்ணி வைரஸ்களையும் முடக்கின. சார்ஸ் இனக் கொரோனா வைரஸ்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு தடுப்பூசியைத் தேடுவோர் இன்று ஆதாரமாகக் கொள்ளும் சான்றுகளுள் இதுவும் ஒன்று.