1006இல் தெற்கு வானில் வெடித்த நட்சத்திரம்

1006 ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசி இரவில் அனலைதீவுக் கரையில் நின்று தெற்கே பார்த்தவர்களுக்கு, முகில் மறைக்காமல் இருந்திருந்தால், அது தெரியாமல் போயிருக்காது. ஓநாய் எண்டு பேர் வைத்திருக்கும் நட்சத்திரக் கூட்டத்தில், வெள்ளியை விடப் பல மடங்கு பிரகாசமாக ஒரு புது நட்சத்திரம் எரிந்தது. மனிதர் எழுதி வைத்த சுப்பர்நோவாக்களில் இதைவிடப் பிரகாசமானது வேறில்லை.

எகிப்தில் அலி இப்னு ரித்வான் அப்போதுதான் படிக்கத் தொடங்கியிருந்த இளைஞர். கண்டதை ஞாபகம் வைத்திருந்து, பிற்காலத்தில் தொலமியின் நூலுக்கு எழுதிய உரையில் அதைச் சேர்த்தார். சுவிற்சர்லாந்தின் சென் காலன் மடத்துத் துறவிகள் தெற்கு அடிவானத்தை ஒட்டி அதை மூன்று மாதம் பார்த்ததாக எழுதினார்கள். சீனத்தில் சனங்கள் பயந்துபோயிருந்தார்கள். சோ கெமிங் என்ற அரச சோதிடர் இது நல்ல சகுனம் எண்டு சொல்லிப் பதவி உயர்வும் வாங்கிக்கொண்டார். ஆள் கெட்டிக்காரர்தான்.

சென் காலனில் அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 5 பாகை உயரம்தான் ஏறியிருக்கும்; கெய்ரோவில் 22 பாகை. அனலைதீவிலோ தஞ்சாவூரிலோ கணக்குப் போட்டால் 42 பாகை அளவில் வருகிறது. அவர்களை விட வடிவாகப் பார்க்கக்கூடிய இடத்தில் நாங்கள் இருந்திருக்கிறோம். ஆனால் இன்றைய வானியலாளர்கள் பயன்படுத்தும் பதிவுகள் சீனம், ஜப்பான், அரபு நாடுகள், ஐரோப்பா என்று போகின்றன. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை.

எழுதத் தெரியாத காலமா அது? முதலாம் ராஜராஜன் ஆட்சிக்கு வந்து 20 ஆண்டு கடந்துவிட்டது. ஈழத்தின் வடபகுதி சோழர் கையில் இருந்தது. நாலு ஆண்டு கழித்து, 1010இல், தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தபோது விளக்குக்கு நெய் தரவேண்டிய ஆடுமாடுக் கணக்கு வரைக்கும் கல்லில் வெட்டினார்கள். அனலைதீவுக்குப் பக்கத்தில் இருக்கும் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலும் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு, முதலாம் பராக்கிரமபாகுவினுடையது. ஊர்காவற்றுறைக்கு யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் அரசனுக்குக் கால் பங்கு, மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் அரைப் பங்கு எண்டு அது சொல்கிறது. வரி, நிலம், கப்பல் எல்லாம் கல்லில் ஏறின. வானத்தைப் பார்த்துப் பாய் விரித்த ஆட்கள் கண்டதெல்லாம் வாய்ப்பேச்சோடு போய்விட்டது.

வெடித்த நட்சத்திரம் மட்டும் தன் கதையைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறது.

வெடித்தது ஒரு வெள்ளைக் குள்ளன், எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம். அப்படியான ஒன்று சூரியனைப்போல 1.4 மடங்குக்கு மேல் எடை தாங்காது என்பதை, சென்னையில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பல் பயணத்தில் கணக்கிட்டார். வெடித்த இடத்தில் உயிர்தப்பிய துணை நட்சத்திரம் ஏதும் இருக்கிறதா எண்டு தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு வெள்ளைக் குள்ளர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வெடித்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள்.

அந்த இடத்தில் இப்ப ஒரு வாயுக் கூடு இருக்கிறது. 1965இல் ரேடியோ தொலைநோக்கியால் அடையாளம் கண்டார்கள். எங்களிடமிருந்து சுமார் 7,000 ஒளியாண்டு தூரம், குறுக்களவு 60 ஒளியாண்டுக்கு மேல். வானத்தில் முழுநிலவு அளவு இடத்தைப் பிடிக்கிறது, வெறும் கண்ணுக்குத்தான் தெரியாது.

ஆயிரம் ஆண்டில் இவ்வளவு விரிய வேண்டுமென்றால் சராசரியாகச் செக்கனுக்கு 9,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். இன்றைக்கு அளந்தால் வடகிழக்கு விளிம்பு செக்கனுக்கு ஏறக்குறைய 5,000 கிலோமீட்டரில் போகிறது, வடமேற்கு விளிம்பு 3,000 அளவில்தான். ஒரே வெடிப்பு, ஒரே நாளில் புறப்பட்டது. வித்தியாசம் வழியில் எதிர்ப்பட்டதில் இருக்கிறது. வடமேற்கில் வாயு கொஞ்சம் அடர்த்தி, அங்கே அதிர்ச்சி அலை தடுபட்டு, ஐதரசன் மெல்லிய இழைபோல ஒளிர்கிறது. அடர்த்தி என்று சொன்னாலும் எங்கள் காற்றோடு ஒப்பிட்டால் அது வெறும் சூனியம்.

மண் முற்றத்தை விளக்குமாறால் கூட்டுவது மாதிரித்தான் இது. தொடக்கத்தில் வீச்சு வேகமாகப் போகும், முன்னால் குவிகிற சருகு விளக்குமாறின் பாரத்தை எட்டும்போது இழுபடத் தொடங்கும். வெடித்துச் சிதறிய பொருளின் எடைக்குச் சமமாக அள்ளிய வாயு சேர்ந்ததும் எச்சம் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. அந்தக் கட்டத்தின் கணிதத்தை 1940களில் டெய்லரும் செடோவும் அணுகுண்டு வெடிப்புக்காகத்தான் போட்டார்கள். குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு இது கொஞ்சம் நெருடும்.

வெளியே தடுபடும்போது இன்னொரு அதிர்ச்சி உள்ளே திரும்பி ஓடி, சிதறிய பொருளைச் சூடாக்குகிறது. அது இன்னும் நடுப்பகுதியை எட்டவில்லை. கூட்டுக்குப் பின்னால் தற்செயலாக ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அதன் ஒளி உள்ளே கடந்து வரும்போது குளிர்ந்த இரும்பின் தடத்தைச் சுமந்து வருகிறது. வெடிப்பில் உண்டான இரும்பு, சூடேறாமல் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.

ஜப்பானின் ஆஸ்கா செய்மதி வடகிழக்கு, தென்மேற்கு விளிம்புகளைப் பார்த்தபோது, அங்கே இலத்திரன்கள் மிகப் பெரிய சக்திக்கு முடுக்கப்படுவது எக்ஸ் கதிரில் தெரிந்தது. அண்டக்கதிர்கள் எங்கிருந்து வருகின்றன என்ற பழைய கேள்விக்கு இப்படியான அதிர்ச்சி அலைகள்தான் முக்கியமான பதில். ஊட்டி மலையில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் அந்தக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் துகள்மழையை எண்ணிக்கொண்டிருக்கிறது. எந்தத் துகள் எந்த எச்சத்திலிருந்து வந்தது எண்டு மட்டும் பிரிக்கமுடியாது, வழியிலுள்ள காந்தப்புலங்கள் பாதையைக் குழப்பிவிடுகின்றன.

இனி இந்தக் கூடு பல ஆயிரம் ஆண்டுகள் அள்ளிக்கொண்டே போகும், பிறகு ஒளியை இழந்து குளிர்ந்து மெல்லக் கலைந்து, அந்த இரும்போடு பால்வீதியின் வாயுவில் கலக்கும்.

பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் அந்த இடம் இப்ப எங்களுக்குக் கொஞ்சம் தாழ்ந்து, 38 பாகை அளவில் கடக்கிறது. ஜூன் நடுப்பகுதியில், சோளகம் வீசும் காலத்தில், இரவு பத்து மணிக்குக் கிட்ட நேர் தெற்கே இருக்கும்.